அம்மாவுக்கு ஸ்டெப்பர் வாங்கலாமா? ஆர்டர் போடும் முன் வாசல்படியைக் கொஞ்சம் பாருங்கள்

“டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்றார். இந்த மழையில எங்கடி போய் நடக்குறது?”

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டெல்டா வீடுகளில் இருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போகும் போன்களில் இந்தப் பேச்சு சகஜம். கேட்கும் மகளோ மகனோ போனை வைத்ததும் ஷாப்பிங் ஆப்பைத் திறக்கிறார்கள். டிரெட்மில் விலை மிரட்டுகிறது. இடமும் அடைக்கும், கரன்ட் போனால் நின்றுவிடும். அதற்குக் கீழேயே குட்டியாக, அழகாக, சில ஆயிரம் ரூபாயில் ஒரு பொருள் கண்ணில் படுகிறது: ஸ்டெப்பர். இரண்டு பெடல், நின்ற இடத்திலேயே படி ஏறலாம். “அம்மாவுக்கு இதையே அனுப்பிடலாமே” என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால், சரியான காலுக்குச் சரியான ஸ்டெப்பர் போய்ச் சேர்ந்தால்தான் அது உடற்பயிற்சி. தவறான ஸ்டெப்பர் போனால் ஒரு மாதத்தில் முழங்கால் வீங்கும், அல்லது மூன்றாவது மாதம் அதன்மேல் துண்டு காயும். எது யாருக்கு, எப்படித் தேர்ந்தெடுப்பது? பார்ப்போம்.

மேடே இல்லாத ஊரில் படிக்கு என்ன வேலை?

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். திருவாரூர் மாவட்டம் வலங்கைமான். கும்பகோணத்தில் இருந்து சுமார் 10 கி.மீ. தூரத்தில், குடமுருட்டிக் கரையில் இருக்கும் பேரூர். அங்கே 58 வயதில் ஓர் அம்மா. லேசான சர்க்கரை, காலையில் எழுந்தால் முழங்கால் பிடிப்பு. சென்னையில் 29 வயதில் மகள். ஐடி வேலை, நாளெல்லாம் நாற்காலி.

டெல்டா தட்டையான பூமி. ஏறி இறங்க மேடு என்று தேடினால் ஆற்றங்கரையும் குளத்துப் படித்துறையும்தான். முன்பு அந்தக் குறை தெரியவில்லை. நாற்று பறித்தது, நட்டது, களை எடுத்தது, கதிர் அறுத்தது எல்லாமே உடலுழைப்பு. இப்போது நடவுக்கு இயந்திரம், அறுவடைக்கு இயந்திரம், கடைத்தெருவுக்கு ஸ்கூட்டி. உழைப்பு குறைந்தது நல்ல விஷயம்தான். ஆனால், அந்த இடத்தை வேறு எந்த அசைவும் நிரப்பவில்லை.

இது ஒரு ஊரின் கதை மட்டுமல்ல. லான்செட் குழும இதழ் ஒன்றில் 2024-ல் வெளியான ஆய்வின்படி, 2022-ல் இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதுமான உடலசைவு இல்லாமல் இருந்தார்கள். பெண்களில் சுமார் 57%, ஆண்களில் சுமார் 42%. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. அதில் தமிழ்நாட்டின் அளவு 14.4%. தேசிய சராசரி 11.4%.

ஆக, அம்மாவை அசைய வைக்க வேண்டும் என்று மகள் நினைப்பதில் தப்பே இல்லை. எப்படி என்பதுதான் கேள்வி.

படி ஏறுவதில் அப்படி என்ன இருக்கிறது?

சமதளத்தில் நடக்கும்போது உடலை முன்னால் தள்ளுகிறோம். படியில், முழு உடல் எடையையும் ஒரு காலால் மேலே தூக்குகிறோம். தொடை, பின்புறம், கெண்டைக்கால் ஆகிய உடலின் பெரிய தசைகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. வேலை செய்யும் தசை ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் குறைந்த நேரத்திலேயே மூச்சு வாங்குகிறது, பலனும் கிடைக்கிறது.

இதற்கு ஒரு பழைய பஸ் கதை உண்டு. லண்டன் டபுள் டெக்கர் பஸ்களில் டிரைவர் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் நாளெல்லாம் மாடி ஏறி இறங்குவார். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 1953-ல் வெளியிட்ட ஆய்வில், டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது தெரியவந்தது. உடலசைவும் இதயமும் பற்றிய நவீன ஆராய்ச்சிக்கு அதுதான் ஒரு தொடக்கப் புள்ளி. ஆனால், டிரைவர்களின் சீருடை பேன்ட் இடுப்பளவு வேலையில் சேரும்போதே பெரிதாக இருந்ததையும் அதே குழு பின்னர் கண்டுபிடித்தது. படி மட்டுமே எல்லாவற்றுக்கும் காரணம் இல்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஸ்டெப்பர் விளம்பரங்களைப் படிக்கும்போது இந்த நிதானம் நமக்கும் தேவை.

ஸ்டெப்பர் என்ற பெயரில் நான்கு பொருள்கள்

ஆப்பில் ‘ஸ்டெப்பர்’ என்று தேடினால் நான்கு வகை வரும். நான்கும் வேறு வேறு ஆட்களுக்கானவை.

1. ஸ்டெப் பலகை: இயந்திரமே இல்லை. உயரம் மாற்றக்கூடிய பிளாஸ்டிக் பலகை. பெரும்பாலும் 10, 15, 20 செ.மீ. என்று உயரம் வைக்கலாம். ஏறி, இறங்க வேண்டும். விலையும் குறைவு, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. 1989 வாக்கில் இதைப் பிரபலமாக்கிய அமெரிக்கப் பயிற்சியாளர் ஜின் மில்லர், தன் முழங்கால் காயத்தில் இருந்து மீள, மருத்துவர் சொன்னபடி பால் கிரேட் மீது ஏறி இறங்கிப் பழகியவர். அதாவது இந்தப் பலகையின் பிறப்பிலேயே ஒரு முழங்கால் இருக்கிறது.

2. மினி ஸ்டெப்பர்: இரண்டு பெடல், அவற்றுக்கு அடியில் ஹைட்ராலிக் சிலிண்டர்கள். ஒரு பெடல் கீழே போனால் மற்றது மேலே வரும். பிளாஸ்டிக் முக்காலி வைக்கும் இடம் போதும். கரன்ட் வேண்டாம். எண்ணிக்கை காட்டும் குட்டி மானிட்டருக்கு ஒரு பேட்டரி, அவ்வளவுதான்.

3. ட்விஸ்ட் ஸ்டெப்பர்: பார்க்க மினி ஸ்டெப்பர் போலவே இருக்கும். மிதிக்கும்போது பெடல் பக்கவாட்டிலும் சாயும். இடுப்புக்கும் வேலை கொடுக்கும் என்று விற்கிறார்கள். ஆனால், எடை தாங்கும் நேரத்தில் முழங்காலும் சேர்ந்து திரும்ப வாய்ப்பு உண்டு. மூட்டு வலி இருப்பவர்களும் புதிதாகத் தொடங்குபவர்களும் இதைத் தவிர்ப்பது நல்லது.

4. கைப்பிடி ஸ்டெப்பர்: மினி ஸ்டெப்பருடன் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. தடுமாற்றம் உள்ளவர்களுக்கு, வயதானவர்களுக்கு இது பாதுகாப்பு. விலையும் இடமும் கொஞ்சம் கூடும்.

ஜிம்மில் எஸ்கலேட்டர் போலச் சுழலும் படி இயந்திரம் இருக்கிறதே, அது தனி ஜாதி. 1983-ல் அமெரிக்காவின் டல்சா நகரில் இருந்து வந்த ஸ்டேர்மாஸ்டர் அந்தக் குடும்பத்தின் மூத்தது. எடை, விலை, மின்சாரம் மூன்றையும் பார்த்தால் வீட்டுக்கு அது வேண்டாம்.

பெடலும் படியும் ஒன்றா?

இல்லை. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

நிஜப் படியில் ஏறுவதும் உண்டு, இறங்குவதும் உண்டு. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்குகிறது. முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடுகிறது. “ஏற முடியுது, இறங்கத்தான் உயிர் போகுது” என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஸ்டெப் பலகையிலும் இதே கதை.

மினி ஸ்டெப்பரில் பாதம் பெடலை விட்டு எழுவதே இல்லை. தரையில் ‘தொம்’ என்று இறங்கும் அதிர்ச்சி கிடையாது. அதனால் சில முழங்கால்களுக்கு அது இதமாக இருக்கும். ஆனால், ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் மடங்கி எடை தாங்கத்தான் செய்கிறது. ‘மூட்டுக்கு முற்றிலும் பாதுகாப்பானது’ என்ற விளம்பர வரியை அப்படியே நம்ப வேண்டாம். அதோடு, இறங்குவதற்கான பலத்தை மினி ஸ்டெப்பர் பழக்காது. கோயில் படி இறங்கத் தடுமாறும் அம்மாவுக்கு வேண்டியதே அந்தப் பலம்தான் என்றால், இயந்திரத்தைவிடத் தாழ்வான பலகை மேல்.

உயரம்தான் முதல் கேள்வி

பிராண்டு, நிறம், மானிட்டர் எல்லாம் அப்புறம். படி எவ்வளவு உயரம் என்பதுதான் முதலில். உயரம் கூடக் கூட முழங்கால் அதிகம் மடங்கும், அழுத்தமும் கூடும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943-ல், உடல் தகுதியைச் சோதிக்க ‘ஹார்வர்டு ஸ்டெப் டெஸ்ட்’ உருவானது. சுமார் 50 செ.மீ. உயர பெஞ்சில், நிமிடத்துக்கு 30 முறை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்க வேண்டும். அது திடகாத்திரமான இளைஞர்களுக்கு வைத்த சோதனை. நம் வீட்டுப் படி ஏறக்குறைய 15 செ.மீ.தான் இருக்கும். மூட்டு வலி உள்ளவர் 10 செ.மீ.யில் தொடங்கினால் போதும். எந்த உயரத்தில் வலி தொடங்குகிறதோ, அதற்கு ஒரு படி கீழே நிற்பதே புத்திசாலித்தனம்.

இதைத் தெரிந்துகொள்ளப் பணமே செலவழிக்க வேண்டாம். வாசல்படி போதும். மருத்துவர் படி ஏறத் தடை சொல்லாதவர்கள், ஆர்டர் போடும் முன் இரண்டு வாரம் இதைச் செய்து பார்க்கலாம். சுவரையோ கிரில்லையோ ஒரு கையால் தொட்டுக்கொண்டு, ஒரே ஒரு படியில் காலை 5 நிமிடம், மாலை 5 நிமிடம் ஏறி இறங்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் இரண்டு விஷயம் தெரிந்துவிடும். ஒன்று, முழங்கால் ஒத்துழைக்கிறதா. செய்யும்போது லேசாக வலித்து, மறுநாள் காலைக்குள் பழையபடி ஆகிவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை. மறுநாளும் வலி கூடுதலாக இருந்தாலோ, மூட்டு வீங்கினாலோ நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்க்க வேண்டும். இரண்டு, பழக்கம் பிடிக்கிறதா. வாசல்படியில் பத்து நாள் தாக்குப்பிடிக்காத ஆர்வம் மெஷின் வந்தால் மட்டும் வந்துவிடாது.

சுவாமிமலையின் 60 படிகள்

கும்பகோணத்துக்கு மேற்கே இருக்கிறது சுவாமிமலை. பெயரில்தான் மலை. தட்டைப் பூமியில் கட்டி எழுப்பிய கட்டுமலை அது. சன்னதிக்குப் போகும் 60 படிகளும் 60 தமிழ் ஆண்டுகளின் பெயரைத் தாங்கியவை.

தற்செயலாக, இதய மருத்துவத்திலும் ஒரு 60 படி உண்டு. ஸ்பெயினின் ஆ கொருன்யா நகர மருத்துவர்கள் 2020-ல் முன்வைத்த ஆய்வில், இதய நோய் உள்ள அல்லது இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட 165 பேரை நான்கு மாடி, அதாவது 60 படிகள், ஓடாமல் வேகமாக ஏறச் சொன்னார்கள். ஒரு நிமிடத்துக்குள் ஏறியவர்களின் உடல்திறன் நன்றாக இருந்தது. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு அது குறைவு. அவர்களை மேலும் பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கருத்து.

இதைப் படித்துவிட்டு அம்மாவை நிறுத்தி வைத்து ஸ்டாப்வாட்ச் பிடிக்க வேண்டாம். அது மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. கோயில் படி பந்தயத்துக்கான இடமும் இல்லை. ஆனால், வழக்கமாக ஏறும் படிகளில் போன வருடம் இல்லாத மூச்சிரைப்போ, நெஞ்சில் இறுக்கமோ, தலைசுற்றலோ இந்த வருடம் இருந்தால், அதை ‘வயசாச்சு’ என்று தள்ளிவிடக் கூடாது. அவர்களுக்கு முதலில் வேண்டியது ஸ்டெப்பர் இல்லை, டாக்டர்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

* தாங்கும் எடை: பயன்படுத்துபவரின் எடையைவிடக் குறைந்தது 20 கிலோ அதிகம் தாங்கும் மாடலாக இருக்கட்டும். வீட்டில் இருவர் பயன்படுத்தினால் கூடுதல் எடை உள்ளவரைக் கணக்கில் கொள்ளுங்கள்.

* எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடும்: சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெய் மிதிக்க மிதிக்கச் சூடாகும். சூடானால் எண்ணெய் இளகி, பெடல் லேசாகிவிடும். அதனால்தான் பல மாடல்களின் கையேட்டில் இத்தனை நிமிடத்துக்குப் பிறகு ஆறவிடுங்கள் என்று போட்டிருக்கும். அந்த எண் உங்கள் திட்டத்துக்குப் போதுமா என்று முதலில் பாருங்கள். ஓடி முடித்த உடனே சிலிண்டரைத் தொட வேண்டாம், சுடும்.

* வாரன்டி எதற்கு: ‘ஒரு வருட வாரன்டி’ என்பது சட்டத்துக்கு மட்டுமா, சிலிண்டருக்குமா? தேயும் பாகம் சிலிண்டரும் பெடலை இணைக்கும் கேபிளும்தான். எண்ணெய்க் கசிவு, கிறீச் சத்தம், ஒரு பெடல் மட்டும் தொய்வது பற்றி மற்ற வாங்குபவர்கள் எழுதிய குறைகளைப் படியுங்கள். ஐந்து நட்சத்திர விமர்சனத்தைவிட மூன்று நட்சத்திர விமர்சனத்தில் தகவல் அதிகம் கிடைக்கும்.

* பாதம் வைக்கும் இடம்: முழுப் பாதமும் பதிய வேண்டும், வழுக்கக் கூடாது. குதிகால் வெளியே தொங்கினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

* கலோரி மீட்டர்: பெரும்பாலான மினி ஸ்டெப்பர்கள் உங்கள் எடையைக் கேட்பதே இல்லை. எடை தெரியாமல் காட்டும் கலோரி வெறும் குத்துமதிப்பு. உண்மையான கணக்கு சுமார் இப்படி: 60 கிலோ எடையுள்ளவர் 20 நிமிடம் மெதுவாகப் படி ஏறினால் ஏறக்குறைய 80 கலோரி. ஒரு மெதுவடைக்கே அது சரியாகிவிடும். எடைக் குறைப்புக்குச் சாப்பாட்டுத் தட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

* விற்பவர் யார்: ஆன்லைனில் வாங்கினால் விற்பனையாளர் பெயர், தயாரித்த நாடு, திருப்பி அனுப்பும் விதி மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஊருக்கு அனுப்புவதாக இருந்தால், சர்வீஸுக்கு ஆள் வருவார்களா என்று கேளுங்கள். பிரச்னை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எங்கே வைப்பது, எப்படி மிதிப்பது?

மொசைக், டைல்ஸ் தரையில் நேரடியாக வைத்தால் நகரும். அடியில் ரப்பர் மேட் கட்டாயம். பலகை மீது நின்று கையைத் தூக்கினால் மின்விசிறி எட்டுகிறதா என்று, ஃபேனை நிறுத்திவிட்டு முதலில் பாருங்கள். தாழ்வான கூரை உள்ள வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். நைட்டியின் ஓரமும் பெடலில் சிக்கும்.

மினி ஸ்டெப்பரில் ஏறும்போது கீழே இருக்கும் பெடலில் முதல் காலை வையுங்கள். மேலே இருக்கும் பெடலில் வைத்தால் அது சட்டென்று இறங்கி விழத்தட்டும். இடுப்பை நிமிர்த்தி, முழங்கால் கால் விரல்களின் திசையிலேயே போகும்படி மிதியுங்கள். காலை முழுதாக விறைக்க வேண்டாம். கைப்பிடியில் எடையைப் போட்டுத் தொங்கினால், உழைப்பு காலுக்குப் போகாது.

வேகத்துக்கு மானிட்டர் வேண்டாம், வாய் போதும். மிதித்துக்கொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையும் அதில் இல்லை. காலையில் 5, சீரியல் இடைவேளையில் 5, சாப்பிட்டபின் சற்றுப் பொறுத்து 5 என்று பிரித்துச் செய்தாலும் எல்லாம் கூடும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. இன்சுலினோ, சர்க்கரையை அதிகம் இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் நேரம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். கையெட்டும் தூரத்தில் குளுக்கோஸ் இருக்கட்டும். வெறுங்காலில் வேண்டாம், ஷூ போடுங்கள். முடித்ததும் பாதத்தில் கொப்புளம், உரசல் இருக்கிறதா என்று பாருங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் சின்னப் புண்கூடத் தெரியாமலே பெரிதாகிவிடும்.

அப்போ, மகள் எதை வாங்கலாம்?

மறுபடி அந்த வீட்டுக்கு வருவோம். அம்மாவுக்கு முழங்கால் பிடிப்பும் சர்க்கரையும். அவருக்கு 10 செ.மீ.யில் தொடங்கும் ஸ்டெப் பலகை, சுவரோரம். தடுமாற்றம் இருந்தாலோ, இறங்கும்போது வலித்தாலோ, பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டுவிட்டுக் கைப்பிடி ஸ்டெப்பர். ட்விஸ்ட் வேண்டாம். படியே ஒத்துவராவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, உட்கார்ந்தபடி காலை நீட்டும் பயிற்சி என்று வேறு வழிகள் இருக்கின்றன. அதற்குச் செலவே இல்லை.

சென்னை மகளுக்கு? மூட்டு நன்றாக இருக்கிறது, அறை சின்னது, கீழ் வீட்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாது. மினி ஸ்டெப்பர் அவருக்குப் பொருந்தும், மீட்டிங் நேரத்தில்கூட மிதிக்கலாம். அபார்ட்மென்ட்டில் மாடிப்படி இருந்தால் லிஃப்ட்டை விட்டுவிட்டு முதலில் அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

அம்மாவுக்கு வாங்க நினைத்த பொருள் மகளுக்குத்தான் பொருத்தம் என்று ஆகிவிட்டது. இப்படித்தான் பல வீடுகளிலும் இருக்கும். வாங்குபவரின் காலை நினைத்துக்கொண்டு, பயன்படுத்துபவருக்கு ஆர்டர் போட்டுவிடுகிறோம்.

அதனால் இன்றைக்கு ஆர்டர் போட வேண்டாம். போன் போட்டு, “அம்மா, வாசல்படில அஞ்சு நிமிஷம் ஏறி எறங்கிப் பாரும்மா. நாளைக்குக் காலைல கால் எப்படி இருக்குன்னு சொல்லு” என்று கேளுங்கள். மறுநாளும் கேளுங்கள். இரண்டு வாரம் அந்தப் பதில் சரியாக வந்தால், எதை வாங்குவது என்று அந்தப் பதிலே சொல்லிவிடும்.